மார்கழி வந்தால் வரும் கேள்விகள்: ரப்பர் ஸ்டாம்ப், மை, வாழ்த்து அட்டை

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறையில், கார்த்திகை தீபம் முடிந்ததும் மேசையைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பொங்கலுக்குள் அறுபது எழுபது வாழ்த்து அட்டை ஆக வேண்டும். எல்லாம் ரப்பர் ஸ்டாம்பும் மையும் வைத்துக் கையால் செய்வது. தெருவில் பார்த்தவர்கள் கேட்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஏற்காட்டில் சின்னம்மா வீட்டுக்குப் போனால் அங்கே அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

மிகக் குறைவாக வாங்குங்கள். நல்ல கறுப்பு மை பேட் ஒன்று, பிடித்த ஸ்டாம்ப் ஒன்றோ இரண்டோ, கனமான வெள்ளை அட்டை பத்துத் தாள், ஸ்டீல் ஸ்கேல், கட்டர். அவ்வளவுதான்.

நான் முதல் வருடம் தலைகீழாகச் செய்தேன். ஆசைப்பட்டு இருபது ஸ்டாம்ப் வாங்கிவிட்டு, மைக்கு வீட்டில் கிடந்த ஆபீஸ் பேடை எடுத்துக்கொண்டேன். ஒரு அட்டைகூடத் தேறவில்லை. ஸ்டாம்ப் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டினேன். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. மைக்கும் அட்டைக்கும் ஒத்துப்போகவில்லை. இன்றைக்கும் யாராவது கெட்டுப்போன அட்டையைக் கொண்டுவந்து காட்டினால் நான் ஸ்டாம்பைப் பார்ப்பதில்லை. என்ன மை, என்ன அட்டை, எங்கே வைத்துக் காயவிட்டீர்கள் என்றுதான் கேட்பேன்.

ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் போதாதா? அதுவும் மைதானே?

மைதான். ஆனால் பேடில் மாதக்கணக்கில் காயாமல் இருக்க வேண்டும் என்றே செய்த மை. மூடியைத் திறந்து போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் ஈரமாகவே இருக்கும். மெல்லிய காகிதத்தில் அது ஊறி அடங்கிவிடுகிறது. அதனால் ரசீதுக்கும் சலானுக்கும் சரி. வழவழப்பான அட்டையில் ஊற இடமில்லாமல் மேலேயே நிற்கும், மறுநாள் கை பட்டாலும் இழுத்துக்கொண்டு வரும். தண்ணீர் பட்டால் ஊதா ஆறாக ஓடும். கவரின் பின்பக்கம் அனுப்புநர் முகவரி குத்த வைத்துக்கொள்ளுங்கள்.

டை மை, பிக்மென்ட் மை என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஒன்று சாயம், இன்னொன்று சுண்ணாம்பு. நூலைச் சாயத்தில் முக்கினால் நிறம் இழைக்குள் போய்விடுகிறது இல்லையா, டை மை அப்படி. காகிதத்துக்குள் இறங்கும், சீக்கிரம் காயும், கீழே இருக்கும் காகிதத்தின் நிறம் அதன் ஊடாகத் தெரியும். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு தண்ணீரில் கரைவதில்லை, பொடியாக மிதக்கிறது, சுவர் மேல் படிந்து நிற்கிறது. பிக்மென்ட் மை அந்த ஜாதி. மெதுவாகக் காயும், ஆனால் அடர்த்தியாக இருக்கும், வெயிலில் எளிதில் வெளுக்காது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தானாகப் புரியும். கறுப்பு அட்டையிலோ காக்கி அட்டையிலோ வெள்ளைக் கோலம் போட ஆசைப்பட்டால் பிக்மென்ட் மைதான் வேண்டும். வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. சன்னலோரம் மாட்டி வைக்கிற அட்டையாக இருந்தால் டை மை வெளுத்துவிடும்.

கறுப்புக் கோட்டில் படம் குத்தி உள்ளே வாட்டர் கலர் தீட்டுகிறவர்கள், தண்ணீருக்குக் கலங்காத மை என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் நம்ப வேண்டாம். ஒரு துண்டில் குத்தி, கால் மணி நேரம் விட்டு, ஈரத் தூரிகையால் தடவிப் பாருங்கள். மூன்றாவதாக ஒரு வகை உண்டு, கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் எல்லாவற்றிலும் பிடிக்கிற சால்வென்ட் மை. நெடி அடிக்கும், சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். காகித அட்டைக்கு அது தேவையே இல்லை.

கீழே நன்றாக வந்த மை, மலையில் ஏன் காயவே மாட்டேன் என்கிறது?

சின்னம்மா வீட்டில் கேட்கிற முதல் கேள்வி இது. நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணம், ஆனால் மைக்கு அது வேறு நாடு. ஒரு மார்கழியில் நாற்பது அட்டை அங்கேயே உட்கார்ந்து செய்தேன். பிக்மென்ட் மை. ஊரில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிற மைதானே என்று, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இரவெல்லாம் பனிமூட்டம். காலையில் எடுத்தால் ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் கீழே இருந்த அட்டையின் பானை, இடம் வலமாக மாறி, அழகாக அச்சாகி இருக்கிறது. சின்னம்மா மட்டும், "பின்னாடியும் படம் இருந்தா நல்லாத்தான இருக்கு" என்றார்கள்.

காரணம் எளிது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் மையின் ஈரம் எங்கே போகும்? காகிதமும் சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, ஓரம் சுருண்டுகொள்ளும். அதனால் மலையில் நான் டை மையோடு நிறுத்திக்கொள்கிறேன். பிக்மென்ட் வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் சூடு காட்டிக் காயவைத்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குகிறேன். வெற்று அட்டைகளை ஜிப் கவரில் போட்டு, ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டுவிடுங்கள்.

சேலத்து ஏப்ரல், மே வேறு கதை. அங்கே மை காயாது என்றால் இங்கே பேடே காய்ந்துவிடும். மூடியை உடனே மூடுங்கள். டை மை பேடைத் தலைகீழாக வைத்தால் மை மேல்பரப்பில் நிற்கும். காய்ந்தே போனால் அதே மையின் ரீஃபில் சில சொட்டு. அது கிடைக்காத நேரத்தில், தண்ணீர் கலந்த கிளிசரின் இரண்டு மூன்று சொட்டு விட்டு ஸ்பூனின் முதுகால் தடவினால் டை பேட் கொஞ்ச நாள் உயிர் பிழைக்கும்.

எந்த அட்டை வாங்குவது? கடையில் ஜி.எஸ்.எம். என்ன என்று கேட்கிறார்களே?

ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஜெராக்ஸ் தாள் 70, 75, 80 இருக்கும். வாழ்த்து அட்டைக்கு 250லிருந்து 300 வரை கேளுங்கள். அதற்குக் கீழே போனால் அட்டை நிற்காது, படுத்துக்கொள்ளும்.

எடையைவிட மேல்பூச்சு முக்கியம். ஆர்ட் கார்டு என்று தருவது இரண்டு பக்கமும் பளபளக்கும். அச்சகத்துக்கு நல்லது, நமக்கு வேண்டாம். பூச்சு இல்லாத அட்டையாகக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சட்டென்று ஊறினால் எடுத்துக்கொள்ளலாம், முத்துப்போல் நின்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் முறைப்பார். அதற்கு ஒரு தாள் காசு கொடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

கல்யாணப் பத்திரிகை விற்கும் கடைகளில் போன சீசன் மிச்ச அட்டை, கவரோடு மலிவாகக் கிடைக்கும். அச்சகங்களில் வெட்டிப்போட்ட ஓரத் துண்டுகளும் கேட்டால் தருவார்கள். என் அட்டைகளில் பாதி இந்த வழியில் வந்தவைதான்.

ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டர் அட்டை இரண்டு கிடைக்கும். மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். அப்படியும் மடிப்பு வெடித்து நார் நாராகத் தெரிந்தால், காகிதத்தின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள் என்று பொருள். வெட்டும் முன் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, மடிப்பு அந்தப் பக்கம் வர வேண்டும்.

அச்சு ஒரு பக்கம் பளிச்சென்று விழுகிறது, இன்னொரு பக்கம் காணோம்?

மேசை சமமில்லை. அட்டைக்கு அடியில் பழைய வார இதழ் ஒன்றை வையுங்கள். ஸ்டாம்பைப் பேடில் ஓங்கிக் குத்தாமல் மெல்லத் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். அட்டையில் வைத்த பிறகு ஆட்டாதீர்கள், நேராக அழுத்தி நேராக எடுங்கள். வங்கிக் குமாஸ்தா மாதிரி டொப்பென்று போட்டால் ஓரமும் சேர்ந்து அச்சாகும்.

ஸ்டாம்ப் புதிதாக இருந்து மை திட்டுத் திட்டாக நின்றால், அதன் முகத்தை அழிரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

பானைக்குப் பின்னால் கரும்பு நிற்கிற மாதிரி எப்படிச் செய்வது?

முன்னால் இருப்பதை முதலில் குத்த வேண்டும். பலரும் கரும்பை முதலில் குத்திவிட்டு மேலே பானையை வைக்கிறார்கள், இரண்டின் கோடும் குழம்பிவிடுகிறது. பானையை அட்டையில் குத்துங்கள். அதே பானையை, ஒட்டி உரிக்கிற ஒட்டுச்சீட்டு ஒன்றில், பின்னால் பசை இருக்கும் ஓரமாகப் பார்த்து முன்பக்கம் குத்தி, கோட்டையொட்டி வெட்டி எடுங்கள். அட்டையில் இருக்கும் பானையின் மேல் அதை ஒட்டி மறைத்துவிட்டு, கரும்பை மேலேயே அழுத்துங்கள். சீட்டை உரித்தால் கரும்பு பின்னால் போயிருக்கும். முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் மந்திரம் என்றே நினைக்கும்.

நான் வரைந்த படத்தையே ஸ்டாம்பாக்க முடியுமா?

முடியும், இரண்டு வழி. ஒன்று, சீல் செய்து தரும் ரப்பர் ஸ்டாம்ப் கடை. வெள்ளைத் தாளில் நல்ல கறுப்பில் வரைந்து கொடுங்கள். அதை நெகட்டிவ் ஆக்கி, குழம்பாக இருக்கும் பாலிமர் மேல் வைத்துப் புற ஊதா விளக்கில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் கெட்டியாகும், படாத இடம் கழுவினால் போய்விடும். அதனால் முடி போன்ற கோடு வேண்டாம், அரை மில்லிமீட்டராவது இருக்கட்டும். முன்பெல்லாம் இதே கடைகளில் ஈய எழுத்தைக் கோத்து, அச்சு எடுத்து, ரப்பரை அதில் அழுத்திச் சூடு காட்டிச் செய்வார்கள். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை வாங்கினார். அது இல்லாவிட்டால் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஸ்டாம்ப் மேசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடையில் எது வேண்டுமானாலும் கேட்கலாம், நான்முகச் சிங்கத்தை மட்டும் கேட்காதீர்கள். அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005இல் தனிச் சட்டமே இருக்கிறது.

இரண்டாவது வழி, அழிரப்பரில் நாமே செதுக்குவது. எனக்குப் பிடித்தது இதுதான். பெரிய, மிருதுவான அழிரப்பராக வாங்குங்கள். டிரேசிங் பேப்பரில் 4பி பென்சிலால் வரைந்து, அதை அழிரப்பர் மேல் குப்புறக் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இறங்கிவிடும். கத்தியைக் கோட்டுக்கு வெளிப்பக்கம் சரித்துப் பிடியுங்கள். ஒவ்வொரு கோடும் அடி அகன்று மேலே குறுகி, மலை மாதிரி நிற்க வேண்டும். அடியைக் குடைந்துவிட்டால் நாலு குத்தில் கோடு பிய்ந்துவிடும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள்.

முதலில் செதுக்க மாங்காய் நல்லது. சேலத்துக்காரர்களுக்கு அது படம் பார்க்காமலே வரும். கோணலாகப் போனால் மல்கோவா, நீண்டுபோனால் பெங்களூரா என்று சொல்லிக்கொள்ளலாம்.

தமிழில் வாசகம் செதுக்க முடியவில்லையே. எழுத்து ஸ்டாம்ப் செட் கிடைக்காதா?

ஆங்கிலத்துக்கு 26 துண்டு போதும். தமிழுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர் 12, ஆய்தம், க முதல் ன வரை 18, பிறகு கு சு டு வரிசை ஒன்று, கூ சூ டூ வரிசை ஒன்று, இவை ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் என்பதால் இன்னும் 36. கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, புள்ளி, மேல் விலங்கு, மேல் சுழி. டியும் டீயும் வேறு தனி. எழுபதைத் தாண்டிவிடும். துண்டு துண்டாகக் குத்தி நேராகக் கோப்பதற்குள் தை பிறந்துவிடும். அதனால் முழுச் சொல்லாகவே செதுக்கிவிடுங்கள். "பொங்கல் வாழ்த்து", "நன்றி", "அன்புடன்" மூன்றும் இருந்தால் ஆண்டு முழுக்க ஓடும்.

எழுத்து இடம் வலமாக மாறி இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கேதான் வம்பு. டிரேசிங் பேப்பரைக் கவிழ்க்கும்போதே அது மாறிவிடுகிறது. சிலர் அதற்கும் முன்பே மெனக்கெட்டு மாற்றி எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு தடவை மாறினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். நான் செதுக்கிய முதல் "பொங்கல்" அப்படித்தான் கண்ணாடியில் பார்த்தால் மட்டும் படிக்கிற பொங்கல் ஆனது. மனசாட்சி உள்ள எழுத்து "ப" ஒன்றுதான், எப்படிச் செதுக்கினாலும் ப. சிரமம் கொடுப்பவை ண, ஞ, இ. சுழிக்குள் இருக்கும் சின்ன வெள்ளையைக் கத்தியால் எடுப்பதைவிட, மை தீர்ந்த பேனா ரீஃபிலின் பின்முனையால் அழுத்தித் திருகி எடுத்தால் வட்டம் சுத்தமாக வரும்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று கேட்டு ஒருவர் சண்டைக்கே வந்தார். தமிழாசிரியர்கள் வாழ்த்துகள் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சம்மதம்: செதுக்க ஓர் எழுத்து குறைவு.

குழந்தைகளுக்குக் கத்தி கொடுக்க பயமாக இருக்கிறது. வேறு வழி?

வெண்டைக்காய். காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கினால் ஐந்து இதழ்ப் பூ தயாராக இருக்கிறது. பிசுக்கைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு பத்து நிமிடம் வைத்த பிறகு குத்தினால் கோடு தெளிவாக விழும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் சின்னச் சின்ன அறைகளோடு பிறை கிடைக்கும். ஒன்றே ஒன்று: காய்களை மை பேடில் வைக்க விடாதீர்கள். பேட் இரண்டு நாளில் நாறிப்போகும். தட்டில் போஸ்டர் கலர் ஊற்றி, நனைந்த ஸ்பாஞ்சில் தடவிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே மை செய்யலாமா?

நிலைத்து நிற்கிற மை செய்ய முடியாது. விளையாடுவதற்குச் செய்யலாம், அதில் ஒன்று உண்மையிலேயே அருமை.

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்கிறதே, அதேதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். அட்டையில் மஞ்சள்தூள் கரைசலைத் தூரிகையால் பூசிக் காயவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை ஒரு ஸ்பாஞ்சில் ஊற்றுங்கள். அதுதான் பேட். நிறமே இல்லாத தண்ணீரில் ஸ்டாம்பைத் தொட்டு மஞ்சள் அட்டையில் அழுத்தினால் சிவப்பாக விழும். எலுமிச்சைச் சாற்றில் இன்னொரு ஸ்டாம்பைத் தொட்டு அந்தச் சிவப்பின் மேல் வைத்தால் அங்கே மட்டும் திரும்பவும் மஞ்சள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள். இந்த நிறம் நாளாக ஆக மங்கும், வெயில் பட்டால் மஞ்சளும் சேர்ந்து போய்விடும். செய்து அன்றைக்கே கொடுத்துவிடுகிற அட்டைக்கு மட்டும்.

காபி டிகாக்ஷன் மையாக வேலைக்கு ஆகாது, ரப்பரில் நிற்காமல் வழிந்துவிடும். ஆனால் அட்டைக்குப் பழைய ஓலை நிறம் கொடுக்க அதைவிட நல்லது கிடையாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. சின்னம்மா வீட்டில் வடிகட்டிய பிறகு மிஞ்சும் சக்கையை இன்னொரு தடவை கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைப் பூசுகிறேன். முதல் டிகாக்ஷனை எடுத்தால் வீட்டில் இருக்க முடியாது.

ஏற்காட்டு இலை, பூக்களை வைத்து அச்செடுக்கலாமா?

இலை சரி. உதிர்ந்ததை மட்டும் எடுங்கள். சில்வர் ஓக் இலை பெரணி மாதிரி கிழிந்து கிழிந்து இருக்கும், அச்சில் மிக அழகு. காபி இலையின் ஓரம் அலை அலையாக வரும். எப்போதும் இலையின் முதுகில் மை தடவுங்கள், நரம்பு அங்கேதான் எழுந்து நிற்கும். அட்டையில் வைத்து, மேலே செய்தித்தாள் போட்டு விரலால் தேய்த்தால் போதும். ஒரு நாள் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்த இலை, பச்சை இலையைவிட நன்றாக விழும். ஆர்க்கிட் பூவைப் பறிக்காதீர்கள். ஏற்காட்டில் இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்தில் பார்த்து வரைந்துகொண்டு வந்து ரப்பரில் செதுக்குங்கள்.

எம்பாசிங் பவுடரை ஹேர் டிரையரில் உருக்கலாமா?

ஈர மையின் மேல் தூவி உருக்கினால் கோடு மேடாக எழுந்து நிற்குமே, அந்தப் பவுடர்தானே? முடியாது. சூடு போதாது, காற்று அதிகம். பவுடர் எல்லாம் பறந்து உங்கள் புருவத்தில் ஒட்டும். ஹீட் கன் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள், இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் மேல் அட்டையின் பின்பக்கத்தைக் காட்டலாம். மந்தமாக இருக்கும் பவுடர் சட்டென்று பளபளப்பாகிற நொடியில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அட்டை பழுக்கும்.

பவுடர் தூவ, மெதுவாகக் காய்கிற மை வேண்டும். பிக்மென்ட் மையின் சோம்பேறித்தனம் இங்கே உதவுகிறது. குத்தும் முன் அட்டையில் டால்கம் பவுடரை மிக லேசாக ஒற்றித் துடைத்துவிட்டால் தேவையில்லாத இடத்தில் ஒட்டாது. வெள்ளை அட்டையில் நிறமில்லாத மையைக் குத்தி, நிறமில்லாத பவுடரை உருக்கிப் பாருங்கள். சேலம் வெண்பட்டு வேட்டியைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஒரு மினுமினுப்புத் தெரியுமே, அப்படி இருக்கும்.

கோலம் போட்ட அட்டை எப்படி?

கோலம் முழுவதையும் ஸ்டாம்பாகச் செதுக்க வேண்டாம். பென்சில் முனையில் இருக்கும் ரப்பர்தான் புள்ளி. காக்கி அட்டையில் வெள்ளைப் பிக்மென்ட் மையால் 5 புள்ளி, ஊடுபுள்ளி, 3 வரை வைத்துவிட்டு, காய்ந்ததும் வெள்ளை ஜெல் பேனாவால் சிக்கு இழையை ஓட்டுங்கள். செம்மண் தரையில் மாக்கோலம் போட்ட மாதிரியே இருக்கும். ஒவ்வொரு அட்டையிலும் இழை கொஞ்சம் நடுங்கும். அது இருக்கட்டும்.

ஒட்டினால் அட்டை அலை அலையாக வளைகிறது. என்ன பசை?

தண்ணீர் அதிகம் உள்ள பசை எல்லாம் வளைக்கும். ஃபெவிகாலாக இருந்தால் நடுவில் குளமாக ஊற்றாமல் ஓரத்தில் நூல் மாதிரி, அப்புறம் மேலே இரண்டு தடிப் புத்தகம். அவசரத்துக்கு இரண்டு பக்கம் ஒட்டும் டேப்.

கிழங்கு மாவுப் பசை பற்றியும் கேட்கிறார்கள், ஜவ்வரிசி ஊரில் கேட்காமல் இருப்பார்களா? ஒரு ஸ்பூன் மரவள்ளி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் விட்டுக் கிளறினால் கண்ணாடி மாதிரி ஆகும். பிடி உறுதி. கவர் மடித்து ஒட்ட நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், அளவாகக் காய்ச்சுங்கள். ராமபாணப் பூச்சிக்கும் இந்தப் பசை பிடிக்கும் என்பதால், பத்திரப்படுத்தி வைக்கப் போகிற அட்டைக்கு வேண்டாம்.

ஸ்டாம்பை எப்படிக் கழுவுவது?

ஈரத் துணி போதும். கண்ணாடி போன்ற தெளிவான ஸ்டாம்பில் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் படக்கூடாது. அதில் மையின் கறை தங்கினால் கவலைப்படாதீர்கள், அச்சுக்கு ஒன்றும் ஆகாது. வெயில் படுகிற சன்னலிலும், தகர ஷெட்டிலும் வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போகாதா? எதற்கு இவ்வளவு பாடு?

போகும். அனுப்புங்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது, செய்கிறேன். சின்ன வயதில் பொங்கலுக்கு முன் தரைக்கடையில் பரப்பி வைத்திருக்கும் வாழ்த்து அட்டைகளில் தாத்தாவுக்கு முருகன், மாமாவுக்கு எம்.ஜி.ஆர்., பெரியப்பாவுக்கு சிவாஜி என்று பொறுக்கி எடுத்த சுகம் இன்னும் போகவில்லை. கவரை ஒட்டாமல் அதன் மூடியை உள்ளே செருகி "புக் போஸ்ட்" என்று எழுதினால் தபால் செலவு குறைவு என்று அந்தக் காலத்தில் அப்பா சொல்லிக்கொடுத்தார். வேலை முடிந்து பார்த்தால் வீட்டில் எல்லார் விரலிலும் பசை இருக்கும்.

செய்ததை விற்கலாமா?

நீங்கள் வரைந்து செதுக்கியது என்றால் தாராளமாக. கடையில் வாங்கிய ஸ்டாம்பின் படம் அதை வரைந்தவருடையது. கையால் குத்திய அட்டைகளை விற்கச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். விலை வைக்கும்போது அட்டை, மைக் கணக்கோடு உங்கள் மணிக்கணக்கையும் சேருங்கள். சேர்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள், சேர்க்காவிட்டால் நீங்கள் இரண்டாம் வருடம் செய்ய மாட்டீர்கள். நான் விற்பதில்லை.

தபாலில் போட்டால் நசுங்காமல் போகுமா? எவ்வளவு தபால் தலை ஒட்ட வேண்டும்?

பித்தான், ஜிமிக்கி, தெர்மாகோல் மாட்டுத் தலை எல்லாம் ஒட்டினால் நசுங்கும். தபால் முத்திரை குத்துகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக் குத்துவதில்லை. மேடாக எதையாவது ஒட்டியே தீர வேண்டும் என்றால் நேரில் கொடுக்கிற அட்டையில் ஒட்டுங்கள்.

எடைக்குக் கணக்கு இருக்கிறது. ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 250 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் 15.6 கிராம், அதில் பாதியை மடித்த அட்டை 7.8. முன்னால் அதே கனத்தில் இன்னொரு துண்டு ஒட்டினால் அது 3.9. கவர் நாலைந்து கிராம். எல்லாம் சேர்த்துப் பதினாறு, பதினேழு. சாதாரணக் கடிதத்துக்கு முதல் கட்டணப் படி 20 கிராம் வரை என்பதால் தப்பித்துவிடுகிறோம். 300 ஜி.எஸ்.எம். அட்டையில் இரண்டு அடுக்கு ஒட்டினால் தாண்டிவிடும். தபால் தலை குறைந்தால் வாங்குகிறவரிடம் காசு கேட்பார்கள். பொங்கல் வாழ்த்துக்கு அவர் காசு கொடுத்து வாங்க வேண்டி வந்தால் நன்றாகவா இருக்கும்?

சமையலறைத் தராசு இந்தச் சின்ன எடைக்குச் சரிவராது. எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் முதல் அட்டையை அவர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைச் செய்கிறேன். போன தடவை 16.4 காட்டியது. "இதுல ஒரு திருகாணிகூட வராதே" என்று சொல்லிவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். ஜனவரி முதல் வாரத்துக்குள் பெட்டியில் போட்டுவிடுங்கள்.